தேக்கடி டிக்கெட் காசு எங்கே போகிறது?

கம்பம், கூடலூர் தாண்டி லோயர் கேம்ப்பிலிருந்து மலையேறும் பேருந்து குமுளியில் போய் நிற்கும் இடம் தமிழ்நாடு. இறங்கிச் செக்போஸ்ட்டைக் கடந்தால் கேரளம். கடைப் பலகைகளில் எழுத்து மாறும். கடைக்காரருக்கு இரண்டு மொழியும் ஒன்றுதான். ஏலக்காய், மிளகு, கிராம்பு வாசனைக்கு நடுவே ஜீப்காரர்கள் தேக்கடிக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருப்பார்கள். அங்கிருந்து நாலைந்து கிலோமீட்டரில் பெரியாறு புலிகள் காப்பகத்தின் படகுத்துறை வந்துவிடும்.

வருகிறவர்களில் பெரும்பாலோர் படகில் ஏறி ஏரியை ஒரு சுற்றுப் பார்ப்பார்கள். கரையில் மிளாவோ காட்டுமாடோ நின்றால் படம் பிடிப்பார்கள், திரும்புவார்கள். அதே நேரத்தில், படகுக் கூட்டத்தின் கண்ணில் அதிகம் படாமல், ஐந்தாறு பேர் கொண்ட சிறு குழு ஒன்று காட்டுக்குள் நடக்கத் தயாராகும். முழங்கால்வரை இழுத்துக் கட்டும் கெட்டித் துணிக் காலுறையை முதலில் மாட்டச் சொல்வார்கள். அட்டைக்காகத்தான். காலுறையின் மேலே மூக்குப்பொடியைத் தடவிவிடுவார் வழிகாட்டி. கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி, முடிச்சு அவிழாதபடி இறுக்குவார். குழுவுக்கு முன்னே ஒருவர், பின்னே ஒருவர், சமையல் சாமான் சுமக்கச் சிலர், துப்பாக்கியோடு ஒரு வனக்காவலர். இரண்டு நாளோ மூன்று நாளோ காட்டில் தங்கல். இதன் பெயர் 'பெரியாறு புலித் தடம்'.

1998-இல் இந்தத் தடம் தொடங்கப்பட்டபோது வழிகாட்டிகளாகச் சேர்ந்தவர்கள், அதுவரை இதே காட்டில் வனத்துறைக்கு ஒளிந்து திரிந்தவர்கள். வயணை மரத்துப் பட்டையை உரித்து விற்றவர்கள். அதனால் அந்தக் குழுவுக்கு வைத்த பெயரும் ஒளிவுமறைவில்லாதது: முன்னாள் வயணைப் பட்டை சேகரிப்பாளர் சூழல் மேம்பாட்டுக் குழு. குமுளியில் யாரும் அவ்வளவு நீளமாகச் சொல்வதில்லை. எல்லாக் குழுக்களுக்கும் சேர்த்து இ.டி.சி. என்றுதான் பேச்சு.

திருடர்கள் திருந்திய கதை என்று இதைச் சொல்லிவிட்டுப் போவது எளிது. அப்படித்தான் பல இடங்களில் சொல்லவும் பட்டிருக்கிறது. ஆனால் மனம் மாறுவது ஒரு நாளில் நடக்கும். அந்த மாற்றம் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் நிலைக்க வேண்டுமென்றால் மாதாமாதம் சம்பளம் வர வேண்டும், அந்தச் சம்பளத்துக்கு ஒரு கணக்கு இருக்க வேண்டும், அந்தக் கணக்கு மாநிலக் கருவூலத்தில் கரைந்துபோகாமல் இருக்க வேண்டும். பெரியாறு உண்மையில் சாதித்தது அங்கேதான்.

ஏரிக்குப் பிறகு வந்த சரணாலயம்

காட்டுக்கு நடுவே இப்படி ஒரு ஏரி இயற்கையாக அமைந்ததில்லை. 1886-இல் சென்னை மாகாணமும் திருவிதாங்கூர் சமஸ்தானமும் அணை கட்டுவதற்காக 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம் போட்டன. பென்னிகுயிக் கட்டிய அணை 1895-இல் முடிந்தது. மேற்கே ஓடிய தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கிழக்கே திரும்பிக் கம்பம் பள்ளத்தாக்கையும் மதுரையையும் நனைத்தது. தேனி மாவட்டத்தில் பென்னிகுயிக்குக்குப் பொங்கல் வைக்கிறவர்களுக்கு இந்த வரலாற்றை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஏரியில் மூழ்கிய காட்டின் மரங்கள் கருத்த கட்டைகளாக இன்றும் நீருக்கு மேல் தலைநீட்டி நிற்கின்றன. அவற்றின் உச்சியில் நீர்க்காகங்கள் சிறகை விரித்துக் காயவைக்கின்றன.

1934-இல் திருவிதாங்கூர் அரசு ஏரியைச் சுற்றிய காட்டை நெல்லிக்காம்பட்டி வேட்டைச் சரணாலயமாக அறிவித்தது. 1950-இல் அது 777 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள பெரியாறு சரணாலயமாக விரிந்தது. 1978-இல் புலிகள் காப்பகம். 1982-இல் நடுப்பகுதியின் 350 சதுர கிலோமீட்டர் தேசியப் பூங்காவுக்கென்று குறிக்கப்பட்டது. பின்னர் கூட்டிச் சேர்த்த பகுதிகளோடு இன்று மொத்தம் 925 சதுர கிலோமீட்டர்.

இந்த ஆண்டுகள் ஒவ்வொன்றும் காட்டுக்குப் பாதுகாப்பைக் கூட்டின. காட்டில் இருந்தவர்களுக்கு இடத்தைக் குறைத்தன. மன்னான், பளியர் குடிகள் காட்டுக்குள் சிதறி வாழ்ந்த இடங்களிலிருந்து குமுளி ஓரத்துக்குக் கொண்டுவந்து குடியமர்த்தப்பட்டனர். மதுரைப் பாண்டியர் காலத்தில் மலையேறி வந்தவர்கள் என்று தங்களைச் சொல்லிக்கொள்ளும் மன்னான்களுக்கு இன்றும் 'ராஜமன்னான்' என்று ஒரு தலைவர் உண்டு. அவர்களுக்கு மிஞ்சியது ஏரி மீனும் சிறு துண்டு நிலத்தில் ஏறிய மிளகுக் கொடியும்தான். மிளகும் முழுதாக அவர்கள் கைக்கு வந்ததில்லை. மழைக்காலப் பஞ்சத்தில் வாங்கிய முன்பணத்துக்காகக் காய் பிடிக்கும் முன்பே கொடிகள் வியாபாரியின் கணக்கில் போய்விடும். தன் கொடியில் தானே கூலிக்குப் பறித்த குடும்பங்கள் இருந்தன.

எல்லைக்கு இந்தப் பக்கமும் காட்டை நம்பிய பிழைப்புகள் உண்டு. விறகு, புல், மேய்ச்சல், சந்தனம், பட்டை. வயணை, இலவங்கப்பட்டையின் காட்டுச் சொந்தம். கறிமசாலாவில் அதற்குப் பதிலாகப் போடலாம், அதோடு கலக்கலாம். பட்டை உரிக்கப் போகிறவர்கள் அரிசி, உப்பு, மிளகாயோடு உள்ளே நுழைந்து நாள்கணக்கில் தங்குவார்கள். கறிக்கு மிளாவோ மானோ விழும். உரித்த மரம் நின்ற இடத்திலேயே காயும். மூட்டையைச் சுமந்தவனுக்குக் கிடைத்தது கூலி. பெரும்பங்கு தரகர்களுக்கும் வியாபாரிகளுக்கும் போனது. மாட்டிக்கொண்டால் மட்டும் கேஸ், ஜாமீன், வாய்தா எல்லாம் சுமந்தவன் தலையில்.

கேஸிலிருந்து காவலுக்கு

1996-இல் உலக வங்கியும் உலகச் சுற்றுச்சூழல் நிதியமும் பணம் கொடுக்க, இந்தியாவில் ஏழு காடுகளில் 'இந்தியச் சூழல் மேம்பாட்டுத் திட்டம்' தொடங்கியது. கிர், ரந்தம்போர், பெஞ்ச், பக்ஸா, பலாமு, நாகரஹொளெ, பெரியாறு. அடிப்படை யோசனை ஒன்றுதான்: காட்டோரத்து மக்களுக்கு வேறு வருமானம் கொடுத்தால் காட்டின் மேலுள்ள நெருக்கடி குறையும். அதற்கு ஈடாக அவர்கள் காட்டைக் காக்க எழுத்துப்பூர்வமாக ஒப்புக்கொள்ள வேண்டும். பயனாளியும் தன் பங்கைப் பணமாகவோ உழைப்பாகவோ போட வேண்டும்.

அதே திட்டம் நாகரஹொளெயில் எப்படிப் போனது என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அங்கே முர்க்கல் என்ற இடத்தில், தேசியப் பூங்காவுக்குள்ளேயே, ஒரு பெரிய ஓட்டல் நிறுவனத்துக்கு விடுதி நடத்தக் குத்தகை கொடுத்தது கர்நாடக அரசு. எங்களைக் காட்டை விட்டு வெளியே போகச் சொல்லிவிட்டு ஓட்டலை உள்ளே விடுவதா என்று ஆதிவாசிகள் போராடினார்கள், நீதிமன்றம் போனார்கள். 1997-இல் கர்நாடக உயர் நீதிமன்றம் அந்தக் குத்தகை சட்டத்துக்கு முரணானது என்று தீர்ப்புச் சொன்னது. அடுத்த ஆண்டு, சூழல் மேம்பாட்டுத் திட்டமே எங்களைக் கேட்காமல் போடப்பட்டது என்று உலக வங்கியின் ஆய்வுக் குழுவிடம் புகாரும் போனது. நிதி ஒன்று, திட்ட அறிக்கை ஒன்று. மக்களோடு பேசிய விதத்தில்தான் இரண்டு காடுகளும் வேறு வேறு திசையில் போயின.

பெரியாற்றில் வனத்துறை ஒரு காரியத்தைச் சரியாகச் செய்தது. மக்கள் என்று பொத்தாம்பொதுவாகப் பேசாமல், யார் காட்டை எதற்காக நம்பியிருக்கிறார்கள் என்று பிரித்துப் பார்த்தது. ஊருக்கு ஒரு குழு என்பதோடு நிற்கவில்லை. மேய்க்கிறவர்களுக்குத் தனிக் குழு, புல் அறுப்பவர்களுக்குத் தனி, மீன் பிடிக்கும் குடிகளுக்குத் தனி, தற்காலிக வாட்சர்களுக்குத் தனி, சபரிமலைப் பாதையில் கடை போடுகிறவர்களுக்குத் தனி. எழுபதுக்கும் மேற்பட்ட குழுக்கள் இப்படி உருவாயின. ஐயாயிரத்துக்கும் அதிகமான குடும்பங்கள் உள்ளே வந்தன.

பட்டைக்காரர்களோடு நடந்த பேரம்தான் கடினமானது. இருபதுக்கும் சற்று அதிகமான ஆட்கள். ஒவ்வொருவர் மேலும் வழக்குகள். இனிக் காட்டில் கை வைப்பதில்லை என்று அவர்கள் சரணடைந்தார்கள். அரசு வழக்குகளைத் திரும்பப் பெற முன்வந்தது. காட்டின் எந்த மடிப்பில் தண்ணீர் இருக்கும், எந்தத் தடத்தில் யானை இறங்கும், எந்த வழியில் கடத்தல் மூட்டை வெளியேறும் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. பயணிகளை அழைத்துப் போகும் நாள்களிலும் போகாத நாள்களிலும் அவர்கள் கால் பதிவது ரோந்துத் தடத்தில்தான். வேறு கும்பல்களைப் பிடிக்கவும் அவர்கள் தகவல் உதவியது.

சுற்றுலா என்ற பெயரில் இங்கே விற்பனைக்கு வந்தது ரோந்து. இரவில் 'ஜங்கிள் ஸ்கவுட்' என்று மூன்று மணி நேரக் காட்டு நடை இருக்கிறது. ஏழு மணிக்கு ஒரு குழு, பத்து மணிக்கு ஒன்று, ஒரு மணிக்கு ஒன்று. காப்பகத்தின் ஓரத்தில் இ.டி.சி. ஆட்கள் காவல் நடக்கும்போது பயணிகளும் கூடவே நடக்கிறார்கள். பயணி கொடுக்கும் கட்டணம் அந்த இரவுக் காவலின் கூலி. புலி தெரிகிறதோ இல்லையோ, அவர்கள் நடந்த பாதையில் அன்று கோடாரி விழாது.

மூங்கில் தெப்பத்தில் ஒரு நாள் பயணம், மன்னான் இளைஞர்கள் நடத்தும் காட்டு நடை, மன்னாக்குடியில் குடிகளின் பழம்பொருள்களை வைத்திருக்கும் சிறு அருங்காட்சியகம் என்று ஒவ்வொன்றும் ஒரு குழுவின் பொறுப்பு. தமிழகப் பக்கத்தில் சந்தனம் வெட்டிக் கடத்தியவர்களைக் கொண்டு 'விடியல்' என்று ஒரு குழுவும் உருவானது. கூடலூர்ப் பக்கத்துத் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே வெளிநாட்டுப் பயணிகளை மாட்டு வண்டியில் அழைத்துப் போவது அவர்கள் வேலைகளில் ஒன்று. மாநில எல்லை தாண்டிய ஆட்களையும் கணக்கில் சேர்க்காவிட்டால் இந்தக் காட்டைக் காக்க முடியாது என்பதைக் கேரள வனத்துறை புரிந்துகொண்டிருந்தது.

சம்பளமே வாங்காதவர்களும் இருக்கிறார்கள். 2002-இல் குமுளிப் பக்கத்துப் பெண்கள் சேர்ந்து 'வசந்தசேனா' என்ற காவல் குழுவைத் தொடங்கினார்கள். நூறு பேர்வரை முறைவைத்து, ஒரு நாளைக்குச் சிலர் என்று, காட்டோரத்தில் சந்தன மரங்கள் நிற்கும் பகுதியில் ரோந்து போகிறார்கள். அடுப்பு வேலை முடித்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, கையில் ஒரு கம்போடு கிளம்புகிறவர்கள். கூலி கேட்டதில்லை. கூலி கேட்கவில்லை என்பதற்காகவே அவர்கள் பெயர் விருது மேடையிலும் விளம்பரப் படத்திலும் அதிகம் வருகிறது. மற்றக் குழுக்களில் ஆண்கள் செய்யும் அதே காவல் வேலைக்குச் சம்பளம் உண்டென்றால் இவர்கள் வேலைக்கும் ஒரு மதிப்பூதியம் நியாயமாகச் சேர வேண்டும். தொண்டு என்று பாராட்டிவிட்டுக் கணக்கை மூடிவிடுவது சரியில்லை.

திட்டம் முடிந்த பிறகு

வெளிநாட்டு நிதியில் ஓடும் திட்டங்களுக்கு ஒரு முடிவுத் தேதி உண்டு. அந்தத் தேதிக்கு அடுத்த மாதம் ஜீப்புக்கு டீசல் இருக்காது, வாட்சருக்குச் சம்பளம் இருக்காது, பெயர்ப் பலகை மட்டும் நிற்கும். தமிழ்நாட்டில் களக்காடு முண்டந்துறையிலும் 1990-களில் உலக வங்கி உதவியில் சூழல் மேம்பாட்டுப் பணி நடந்தது. அங்கே கிராமக் குழுக்களின் கையில் சுழல்நிதி இருந்ததால், கடன் கொடுத்து வாங்கும் வேலை பல ஊர்களில் திட்டத்துக்குப் பிறகும் தொடர முடிந்தது. பெரியாற்றின் திட்டம் 2004-இல் முடிந்தது. அதற்குமுன்பே அங்கே எழுந்த கேள்வி: அடுத்த ஆண்டுச் சம்பளம் எங்கிருந்து?

அந்தக் கேள்விக்குப் பதிலாகப் பிறந்தது 'பெரியாறு ஃபவுண்டேஷன்'. கேரள அரசு 2004-இல் அமைத்த அரசு அறக்கட்டளை. பூங்காவுக்கு வருகிறவர்களிடம் நுழைவுக் கட்டணத்தோடு சூழல் மேம்பாட்டுக் கூடுதல் கட்டணம் என்று ஒரு தொகை வாங்கி, அதை நேரே இந்த அறக்கட்டளையில் சேர்த்தார்கள். அரசின் பொதுக் கணக்குக்குப் போய், பட்ஜெட்டில் ஒதுக்கீடாகி, கோப்பு கோப்பாக இறங்கி, மார்ச் மாதக் கடைசியில் ஒரு பகுதி திரும்பி வருகிற வழக்கமான பாதையை அது தவிர்த்தது. அறக்கட்டளையில் உயிரியலாளர்களும் சமூகப் பணியாளர்களும் வேலைக்குச் சேர்ந்தார்கள். வனத்துறையில் அதிகாரிகள் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறிக்கொண்டிருந்தபோது, குழுக்களின் கணக்கையும் சண்டையையும் நினைவில் வைத்திருந்தவர்கள் இவர்கள்.

குழுக்களின் உள்கணக்கும் இதே முறைதான். பயணிகளிடம் வரும் பணம் அன்றன்றைக்குப் பங்கு பிரிக்கப்படுவதில்லை. குழுவின் சமூக நிதியில் சேரும். அதிலிருந்து உறுப்பினர்களுக்கு மாதச் சம்பளம். கூட்டம் அலைமோதும் டிசம்பரிலும் மழை கொட்டும் ஜூலையிலும் வீட்டுக்கு ஏறத்தாழ ஒரே தொகை போகும். தினக்கூலியில் வளர்ந்தவர்களுக்கு இந்த ஒரு மாற்றம் எவ்வளவு பெரியது என்பது மளிகைக் கடைக் கடன் நோட்டு வைத்திருக்கும் எந்த வீட்டுக்கும் தெரியும்.

மன்னான், பளியர் குடிகளின் மிளகும் இதே வழியில் மீண்டது. திட்டப் பணத்தில் வியாபாரிகளின் கடன் தீர்க்கப்பட்டு, கொடிகள் குடும்பங்களின் கைக்குத் திரும்பின. குழுவே கொள்முதல் செய்தது. உரம் போடாத மிளகு என்பதற்கு இயற்கை வேளாண்மைச் சான்று வாங்கி, வெளிநாட்டுச் சந்தைவரை கொண்டுபோனார்கள். சுற்றுலாவைப் பற்றிப் பேசும்போது இந்த மிளகை யாரும் சொல்வதில்லை. ஆனால் பூங்காவோடு இந்தக் குடிகளுக்கு நம்பிக்கை ஏற்பட்டது படகிலோ நடையிலோ அல்ல, தராசிலேதான்.

2006-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் திருத்தப்பட்டபோது 38எக்ஸ் என்ற பிரிவு சேர்ந்தது: ஒவ்வொரு புலிகள் காப்பகத்துக்கும் மாநில அரசு ஒரு புலிகள் பாதுகாப்பு அறக்கட்டளை அமைக்க வேண்டும். அதற்கு முன்மாதிரி பெரியாறு. 2012-இல் தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், நுழைவுக் கட்டணம் மாநில வருவாயில் கலக்கக் கூடாது, அறக்கட்டளை வழியாகக் காப்பகத்துக்கும் உள்ளூர் மக்களுக்குமே செலவாக வேண்டும் என்று எழுதிவைத்தன. காப்பகங்களின் நிர்வாகத்தை மதிப்பிட்டு 2023 ஏப்ரலில் வெளியான அறிக்கையில் பெரியாறு 94.38 விழுக்காட்டோடு நாட்டிலேயே முதலிடம் பெற்றது.

உள்ளூர் மக்களுக்குப் பங்கு என்பதை நேபாளம் இன்னும் கறாராகச் செய்திருக்கிறது. 1993-இல் சட்டத்தைத் திருத்தி, பூங்கா வருமானத்தில் 30 முதல் 50 விழுக்காடுவரை சுற்றுவட்ட மக்களுக்கு என்று எழுதியது. சித்வான் காட்டோரத்துப் பயனர் குழுக்கள் அந்தப் பணத்தில் பள்ளிக் கட்டடமும் வேலியும் சாண எரிவாயுக் கலனும் போட்டுக்கொண்டன. ருவாண்டா 2017-இல் மலைக் கொரில்லாவைப் பார்க்கும் அனுமதிக் கட்டணத்தை 750 டாலரிலிருந்து 1,500 டாலராக இரட்டித்தபோது மக்கள் பங்கையும் 5 விழுக்காட்டிலிருந்து 10 விழுக்காடாக உயர்த்தியது. குறைந்த பயணி, கூடுதல் கட்டணம், எழுதிவைத்த பங்கு. பெரியாற்றின் ஏற்பாட்டில் சம்பளம் உண்டு, சமூக நிதி உண்டு. ஆனால் மொத்த வருமானத்தில் இத்தனை விழுக்காடு மக்களுடையது என்று சட்டமாக எழுதப்படவில்லை. நல்ல அதிகாரி இருக்கும்வரை அது ஒரு குறையாகத் தெரியாது.

படகும் நடையும்

2009 செப்டம்பர் 30 மாலை, தேக்கடி ஏரியில் மாநிலச் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் இரண்டடுக்குப் படகு 'ஜலகன்யகா' கவிழ்ந்தது. 45 பேர் இறந்தார்கள். கரையில் தெரிந்த விலங்கைப் பார்க்கப் பலரும் ஒரே பக்கமாக நகர்ந்தது, படகின் வடிவமைப்பு, ஏற்றிய ஆள் எண்ணிக்கை என்று காரணங்கள் பேசப்பட்டன. ஒரே ஏரியில், ஒரே பூங்காவுக்குள், இரண்டு விதச் சுற்றுலா நடந்துகொண்டிருந்ததை அந்த மாலை கொடூரமாகக் காட்டியது. ஒன்றில் எத்தனை பேர் ஏறினாலும் லாபம். இன்னொன்றில் ஆறாவது ஏழாவது ஆளுக்கு இடமில்லை என்று திருப்பி அனுப்புவார்கள்.

இன்றும் பெரிய கூட்டம் படகுக்குத்தான். நடைக்கு இடம் கொஞ்சம், கட்டணம் அதிகம், முன்பதிவு வேண்டும். கம்பத்திலிருந்தோ மதுரையிலிருந்தோ பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒரு நாள் வந்து திரும்புகிற குடும்பத்துக்கு நடை எட்டாது. குறைந்த பயணி, கூடுதல் கட்டணம் என்ற கொள்கையின் விலையை இவர்கள்தான் கொடுக்கிறார்கள். பூங்காவைக் காக்க வேண்டியவர்களில் பக்கத்து ஊர்ப் பிள்ளைகளும் உண்டு. அவர்களுக்கென்று வாரத்தில் ஒரு நாள், குறைந்த கட்டணத்தில், அதே முன்னாள் பட்டைக்காரர்களோடு நடக்க வழி செய்வது அறக்கட்டளைக்கு முடியாத செலவல்ல.

சபரிமலை இன்னும் பெரிய கணக்கு. கோயில் இருப்பது இந்தக் காப்பகத்தின் எல்லைக்குள். கார்த்திகை, மார்கழியில் லட்சக்கணக்கில் வரும் பக்தர்கள் அழுதையிலிருந்தும் சத்திரத்திலிருந்தும் காட்டு வழியாகவே நடக்கிறார்கள். முன்பு வெளியாட்கள் அந்தப் பாதைகளில் தாவளம் போட்டு, காட்டு மரத்தையே விறகாக்கி, சோறும் டீயும் விற்றார்கள். சீசன் முடிந்தால் குப்பை காட்டுக்கு, லாபம் வெளியூருக்கு. சுவாமி ஐயப்பன் பூங்காவனப் புனருத்தாரணக் குழுக்கள் என்ற பெயரில் உள்ளூர் மக்களிடம் அந்தக் கடைகளை ஒப்படைத்த பிறகு அடுப்பு எரிவாயுவுக்கு மாறியது. பாதையைச் சுத்தம் செய்வதும் கடைக்காரர் பொறுப்பானது. இருந்தும், அத்தனை பேர் நடக்கும் பாதையில் பிளாஸ்டிக் சேராமல் இருப்பதில்லை. மிளாவின் வயிற்றிலும் யானையின் சாணத்திலும் அது தென்படும்போதெல்லாம் இந்தக் குழுக்களின் கை எவ்வளவு சிறியது என்பது தெரிகிறது.

வருமானம் நின்ற மாதங்கள்

சுற்றுலாவை நம்பிக் காட்டைக் காப்பதில் ஒரு பெரிய ஆபத்து உண்டு. 2012 ஜூலை 24-இல் உச்ச நீதிமன்றம் புலிகள் காப்பகங்களின் உள்பகுதிகளில் சுற்றுலாவுக்கு இடைக்காலத் தடை விதித்தது. அக்டோபர் 16-இல் தடை நீங்கியது. உள்பகுதியில் 20 விழுக்காட்டுக்கு மேல் சுற்றுலா கூடாது என்ற வரம்பும் வந்தது. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் இடுக்கி மாவட்டம் உருக்குலைந்தது. சாலைகள் அறுந்தன, பயணம் ரத்தானது. 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு. நாட்டின் காப்பகங்கள் அனைத்தும் மூடின. எட்டே ஆண்டுகளில் மூன்று முறை, மூன்று வெவ்வேறு காரணங்களுக்காக, டிக்கெட் கவுன்ட்டர் மூடிக்கிடந்திருக்கிறது.

கவுன்ட்டர் மூடினாலும் காவல் மூட முடியாது. வேட்டைக்காரர்களுக்கு ஊரடங்கு இல்லை. அப்படிப்பட்ட மாதங்களில்தான் அறக்கட்டளையில் சேர்த்துவைத்த பணத்தின் அருமை தெரியும். சுற்றுலா வருமானம் முழுவதையும் அந்தந்த ஆண்டே செலவழித்துவிடும் காப்பகம் ஒரு வெள்ளத்தைத் தாங்காது. இரண்டு ஆண்டுச் சம்பளத்துக்காவது கையிருப்பு நிதி கட்டாயம் என்பதை விதியாகவே எழுதிவைக்க வேண்டும்.

காட்டின் பெயரைச் சொல்லி அதிகம் சம்பாதிக்கிறவர்கள் காட்டுக்கு வெளியே இருக்கிறார்கள் என்பதையும் பேச வேண்டும். குமுளியிலும் தேக்கடிச் சாலையிலும் வரிசையாக நிற்கும் ரிசார்ட்டுகளில் ஓர் இரவு வாடகை, புலித் தடத்தில் வழி காட்டுகிறவரின் பல நாள் சம்பளம். யானையின் படம் அவர்கள் விளம்பரத்தில். யானைக்குக் காவல் இன்னொருவர் செலவில். காப்பகத்தைச் சுற்றியுள்ள சுற்றுலாத் தொழிலிடமிருந்து பாதுகாப்புக் கட்டணம் வாங்கலாம் என்று 2012 வழிகாட்டுதல்களே சொல்கின்றன. அதை முழு மனதோடு நடைமுறைப்படுத்தினால் டிக்கெட் விலையை ஏற்ற வேண்டிய தேவையே குறையும்.

முடிவு எடுப்பது யார் என்ற கேள்வியும் மீதமிருக்கிறது. இ.டி.சி.யின் தலைவர் உறுப்பினர்களில் ஒருவர். செயலர் வனத்துறை அலுவலர். கூட்டு மேலாண்மை என்ற பெயரில் பாதி அதிகாரம் இன்னும் சீருடையில்தான் இருக்கிறது. 2006 வன உரிமைச் சட்டம் கிராம சபையை அடிப்படை அமைப்பாக வைத்துப் பேசுகிறது, இ.டி.சி. அதற்கு முந்தைய காலத்து ஏற்பாடு. மன்னான், பளியர் குடிகளுக்கு மீனும் தேனும் சலுகையாகக் கிடைப்பது வேறு, உரிமையாகக் கிடைப்பது வேறு. முதல் தலைமுறை வழிகாட்டிகள் வயதாகி ஓய்வு பெறும் காலம் இது. அவர்கள் பிள்ளைகள் படித்திருக்கிறார்கள். மூட்டை சுமக்கவும் தெப்பம் தள்ளவும் மட்டும் அழைத்தால் வரமாட்டார்கள். கணக்கு எழுதும் மேசையிலும் திட்டம் வகுக்கும் கூட்டத்திலும் நாற்காலி போட்டால் வருவார்கள்.

மலைக்கு இந்தப் பக்கம்

பெரியாற்றின் கிழக்கு எல்லையைத் தொட்டுக்கொண்டு, தமிழ்நாட்டின் ஐந்தாவது புலிகள் காப்பகம் 2021 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டது. திருவில்லிபுத்தூர் - மேகமலை. ஆயிரத்துப் பதினாறு சதுர கிலோமீட்டர் பரப்பு, வைகையின் நீர்ப்பிடிப்பு, நாட்டின் 51-ஆவது காப்பகம். புலி இரண்டு பக்கமும் நடக்கிறது. யானை இறங்கினால் சுருளி அருவியில் குளிக்கத் தடை என்று பத்திரிகையில் செய்தி வரும். அதே யானைக் கூட்டம் சில நாள்களில் தேக்கடிப் பக்கம் நிற்கக்கூடும்.

இந்தப் பக்கத்தின் நிலைமை வேறு. வருசநாட்டுப் பள்ளத்தாக்கில் தலைமுறைகளாக விவசாயம் செய்யும் குடும்பங்கள் இருக்கின்றன. மேகமலை உச்சியில் தேயிலைத் தோட்டங்களும் தொழிலாளர் குடியிருப்புகளும் உண்டு. காப்பகம் என்ற சொல் அவர்கள் காதில் வெளியேற்றம் என்றே விழுகிறது. அந்தப் பயம் தீராமல் இங்கே எந்தக் குழுவும் நிற்காது. சின்னமனூரிலிருந்து மேகமலைக்குக் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும் வார இறுதிக் கார்களின் எண்ணிக்கையோ ஆண்டுக்கு ஆண்டு கூடுகிறது.

சட்டப்படி இந்தக் காப்பகத்துக்கும் அறக்கட்டளை உண்டு. பெரியாற்றிலிருந்து முதலில் எடுத்துக்கொள்ள வேண்டியது தெப்பமும் விடுதியும் அல்ல. யார் எதற்காகக் காட்டுக்குள் போகிறார்கள் என்று ஊர் ஊராக உட்கார்ந்து எடுத்த அந்தக் கணக்குதான். வருசநாட்டில் ஆடு மேய்ப்பவர், சுருளிப்பட்டியில் விறகு பொறுக்குபவர், தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் பெண், தேன் எடுக்கும் பளியர் என்று ஒவ்வொருவருக்கும் காட்டோடு உள்ள கொடுக்கல் வாங்கல் வேறு. அதைக் கேட்டு எழுதிய பிறகே சோதனைச் சாவடியில் வாங்கும் கட்டணத்தில் இவர்களுக்கு எத்தனை விழுக்காடு என்று பேச முடியும். பேசியதை அரசாணையாகப் போட வேண்டும். போட்டதை ஆண்டுதோறும் கிராம சபையில் வரவு செலவாக வாசிக்க வேண்டும். விடியல் குழுவில் சேர்ந்தவர்கள் தேனி மாவட்டத்துப் பக்கத்துக்காரர்கள். காட்டை விட்டு வெளியே வந்தவர்களுக்கு எது தேவைப்பட்டது, எது கிடைக்காமல் போனது என்று சொல்லத் தெரிந்தவர்கள். புதிய காப்பகத்தின் திட்டக் கூட்டத்துக்கு அவர்களை இப்போதே அழைக்கலாம்.